கசவு ஜரிகையில் சுருக்கம் விழுந்தால்

கொழிஞ்சாம்பாறைச் சகோதரிக்கு, செட்டு முண்டில் (கேரளப் பெண்கள் உடுத்தும், கசவு என்ற ஜரிகைக் கரை வைத்த பருத்தி உடை) மிஞ்சிய துண்டுகளை வைத்து ஓணத்துக்கு 16 இஞ்ச் தலையணை உறை தைத்தால் ஜரிகை ஓரம் சுருக்கம் விழுந்து நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். மிஷின் மேல் பழி போடாதீர்கள். பருத்தி தண்ணீரில் சுருங்கும், ஜரிகை அந்த அளவுக்குச் சுருங்காது. வெட்டுவதற்கு முன்பே எல்லாத் துணியையும் நனைத்துக் காயவைத்துவிடுங்கள். ஜரிகையைப் புரட்டிப்போட்டு, மேலே மெல்லிய துணி விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள்.

அப்புறம் 11 நம்பர் ஊசி போதும். தையலைக் கொஞ்சம் நீளமாக வைத்து, நூல் இறுக்கத்தைத் தளர்த்துங்கள். ஜரிகைப் பட்டையின் இரண்டு ஓரத்தையும் ஒரே பக்கத்திலிருந்து தொடங்கி அடியுங்கள். போன வழியே திரும்பி வந்தால் துணி கோணிக்கொள்ளும். அடியில் பழைய வேட்டித் துண்டை லைனிங்காகக் கொடுத்தால் இன்னும் நல்லது.

தையலுக்கு விடுவதையும் சேர்த்து முன்பக்கம் 17க்கு 17 இஞ்ச். பின்பக்கம் 17க்கு 12 அளவில் இரண்டு துண்டு, நடுவில் வரும் ஓரத்தை மட்டும் ஒரு இஞ்ச் மடித்து அடித்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வையுங்கள். ஜிப் வேண்டியதில்லை. பூக்களம், அதாவது ஓணப் பூக்கோலம் போல எம்பிராய்டரி வேண்டுமா? எனக்கென்னவோ வெறும் கசவுக் கரையே போதும் என்று தோன்றுகிறது. கிறிஸ்துமஸுக்குச் சிவப்புப் பட்டை சேர்ப்பதானால், சாயம் போகிறதா என்று முதலில் பாருங்கள்.