வாசகர் கேள்வி: ஜெருசலேம் வாக்குறுதியும் ஆறு மாதக் கையெழுத்தும்

கேள்வி: இஸ்ரேலில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தை டெல் அவிவிலிருந்து ஜெருசலேமுக்கு மாற்றச் சட்டமே இருந்தும், அதிபர்கள் இருபது ஆண்டுக்கு மேல் அதை எப்படித் தள்ளிப்போட்டார்கள்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தள்ளிப்போடும் வழியும் அந்தச் சட்டத்திலேயே இருந்தது. 1995-ல் வந்த சட்டம், 1999 மே 31-க்குள் தூதரகத்தைத் திறக்கச் சொன்னது. தவறினால் வெளியுறவுத் துறையின் வெளிநாட்டுக் கட்டட நிதியில் பாதி முடங்கும். ஆனால் தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அதிபர் கையெழுத்திட்டால் ஆறு மாதத்துக்கு அந்தத் தண்டனை கிடையாது; கெடு முடிந்தால் மறுபடி கையெழுத்திடலாம், உச்சவரம்பில்லை. செனட்டில் 93-க்கு 5 என்று நிறைவேறியதில் வியப்பென்ன? வாக்களித்தவர்களுக்குப் பெயர், அதிபருக்கு வசதி.

ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2000-ல், இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஏய்பாக் கூட்டத்தில், பதவியேற்றதும் மாற்றும் பணியைத் தொடங்குவேன் என்றார். எட்டு ஆண்டும் கையெழுத்துதான் தொடர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், தள்ளிவைக்கும் அந்த உத்தரவுகளிலேயே 'மாற்றும் பணியைத் தொடங்க உறுதியாக இருக்கிறோம்' என்றும் ஒரு வரி இருக்கும். ஒபாமா 2008 ஜூன் 4 அன்று அதே அமைப்பின் மேடையில், ஜெருசலேம் இஸ்ரேலின் பிரிக்கப்படாத தலைநகராக நீடிக்க வேண்டும் என்றார். மறுநாளே தொலைக்காட்சிப் பேட்டியில், அது இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் பேசித் தீர்க்க வேண்டியது என்று இறங்கி வந்தார்.

டிரம்ப்பும் 2017 ஜூனில் கையெழுத்திட்டார். டிசம்பர் 6 அன்று ஜெருசலேமைத் தலைநகராக அங்கீகரித்த கையோடு, இன்னொரு கையெழுத்தும் போட்டார். கட்டடம் தயாராக இல்லாததால் நிதி முடங்கிவிடுமே! 2018 மே 14-ல் தூதரகம் திறந்தது, அர்னோனா பகுதியில் ஏற்கெனவே இருந்த துணைத் தூதரகக் கட்டடத்தில்.

கேள்வி: இது இஸ்ரேல் விஷயத்தில் மட்டும்தானா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: இல்லை. 1915-ல் ஒட்டோமான் துருக்கியில் தொடங்கிய ஆர்மீனியர் படுகொலைகளை 'இனப்படுகொலை' என்று அங்கீகரிப்பேன் என 2008-ல் ஒபாமா எழுத்திலேயே சொன்னார். ஆர்மீனிய வம்சாவளியினர் கலிஃபோர்னியாவில் கணிசம். ஆனால் அந்தச் சொல்லை ஏற்காத துருக்கி, நேட்டோ ராணுவக் கூட்டணியில் அமெரிக்காவின் கூட்டாளி; அதன் இன்ஜிர்லிக் தளத்தில் அமெரிக்கப் போர் விமானங்கள். எட்டு ஆண்டும் ஏப்ரல் 24 நினைவு நாள் அறிக்கையில் அந்தச் சொல் வரவில்லை. 2021-ல் பைடன்தான் எழுதினார். அதற்குள் துருக்கியுடன் உறவு கசந்து, 2019-லேயே அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அதை இனப்படுகொலை என்று தீர்மானம் போட்டுவிட்டன. அடுத்த தேர்தலில் இப்படி ஒரு வாக்குறுதி காதில் விழுந்தால், 'தொடங்குவேன்' என்றாரா, 'முடிப்பேன்' என்றாரா, தேதி சொன்னாரா என்று முதலில் பாருங்கள்.