மகன் தூங்க வேண்டாமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் இருக்கிறோம். மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். காலை நாலரைக்கு எழுப்பி, ஐந்து மணி பஸ்ஸில் மார்த்தாண்டத்துக்குக் கணக்கு டியூஷன் அனுப்புகிறேன். அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடம். ஒன்பதேகாலுக்கு மணி அடிப்பார்கள். வகுப்பில் தூங்கி விழுகிறான் என்று டீச்சர் புகார் சொல்கிறார். இரவில் அவன் படுக்கப் பதினொன்றரை ஆகிறது. கணவர் ரப்பர் பால் வெட்ட மூன்று மணிக்கே எழுந்து போகிறவர். எட்டரைக்குப் படுத்துவிடுவார், அதன்பின் நாங்கள் டி.வி. கூடப் போடுவதில்லை. “நான் எழும்பவில்லையா, இவனுக்கு என்ன?” என்று மகனைத் திட்டுகிறார். அமெரிக்காவில் பள்ளிகளைத் தாமதமாகத் தொடங்குகிறார்களாமே, இங்கும் அப்படி வருமா? இவன் சோம்பலைப் போக்க வழி சொல்லுங்கள்.

பதில்: எட்டரைக்கு மேல் டி.வி. போடுவதில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள் அம்மா. எனக்கு அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. உழைக்கிற மனிதர் தூங்க வேண்டும் என்று வீடே குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். அதே வீட்டில் ஒரு பையன் ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு இருட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறான். அது ஏன் உங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை? அப்பாவுக்கு ஆறரை மணி நேரம், வளர்கிற பிள்ளைக்கு ஐந்து. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதில் மூன்று மணி நேரத்தையாவது பிடுங்கிக்கொண்டு சோம்பேறி என்று பட்டமும் கட்டுகிறீர்கள்!

‘சீக்கிரம் படுக்கட்டுமே’ என்பார் உங்கள் கணவர். பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இரவில் பிந்தித்தான் சுரக்கிறது. பதினொரு மணி ஆகாமல் பல பிள்ளைகளுக்குக் கண் சொக்காது. வெயில் ஏறியபின் வெட்டினால் பால் குறைகிறது, அதற்காக யாரும் மரத்தைத் திட்டுவதில்லை என்று அவரிடம் சொல்லுங்கள், சட்டென்று புரிந்துகொள்வார்.

அமெரிக்காவைக் கேட்டீர்கள். கலிஃபோர்னியாவில் 2019-இல் சட்டம் இயற்றினார்கள். 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது. உங்கள் மகன் பள்ளியில் மணி அடிப்பதே 9.15-க்கு. அந்தச் சட்டம் கேட்பதைவிட முக்கால் மணி நேரம் கூடுதலாகவே உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதை டியூஷனுக்குத் தூக்கிக் கொடுத்தது நீங்கள். சியாட்டில் நகரில் 2016-இல் பள்ளி நேரத்தை 7.50-இலிருந்து 8.45-க்கு மாற்றியபோது, பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 34 நிமிடத் தூக்கம் கூடியதாக ஆய்வு சொன்னது. அந்த அரைமணிக்கு ஒரு நகரமே தன் பஸ் நேரங்களை மாற்றியது. உங்களுக்கோ ஒரு டியூஷனை நிறுத்தினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிச்சம்.

ஊரில் எல்லாப் பிள்ளைகளும் விடியுமுன் டியூஷனுக்குப் போகிறார்கள் என்பீர்கள். போகட்டும். பிள்ளையின் உடம்பைக் காப்பது பெற்றவர் கடமை. அதை ஊரிடம் கேட்டுச் செய்ய வேண்டியதில்லை. தூங்கி வழிகிற தலையில் எந்தக் கணக்கும் நிற்காது.

டியூஷன் வாத்தியாரிடம் பேசப் பையனை அனுப்பாதீர்கள், அவன் அப்பாவே போகட்டும். மாலையில் இடம் கேட்கட்டும். இல்லையென்றால் இந்த மாதக் கட்டணத்தோடு நிறுத்திவிட்டு, புரியாத கணக்கைப் பள்ளி ஆசிரியரிடமே கேட்கச் சொல்லுங்கள். காலை ஏழு மணிவரை அவனை யாரும் எழுப்பக் கூடாது. பால் வெட்டிவிட்டு வரும் கணவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.