பைக்கை ஓரங்கட்டப் போன தம்பிக்கு

கேள்வி: எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகிற வழியில் டாஸ்மாக் கடை திறந்தார்கள். திங்கள்கிழமை மனுநாளில் கலெக்டரிடம் மனு கொடுத்தோம், கிராம சபையில் தீர்மானம் போட்டோம். பலனில்லை. கடைசியில் நான்தான் ஆள் திரட்டிச் சாலை மறியலுக்கு ஏற்பாடு செய்தேன். போலீஸ் வேன் வந்தபோது பைக்கை ஓரங்கட்டப் போயிருந்ததால் என் பெயர் எஃப்.ஐ.ஆரில் இல்லை. அம்மாவும் இன்னும் சில பெண்களும் கோர்ட்டுக்கு அலைகிறார்கள். ஓட்டுரிமை இருக்கிற நாட்டில் சட்டத்தை மீறுவது தப்பு என்கிறார் மாமா. நான் செய்தது சரியா? (டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறேன்.)
- பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: மாமாவைச் சும்மா தள்ளிவிடாதீர்கள், தம்பி. அரசியல் சட்ட வழி திறந்திருக்கும்போது சட்ட மறுப்பையும் சத்தியாகிரகத்தையும் கைவிட வேண்டும் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கரே சொன்னார். ஆனால் ஓட்டு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. கடை தினமும் மதியம் 12 மணிக்குத் திறக்கிறது. கிராமத்தில் பள்ளிக்கும் கடைக்கும் நடுவே 100 மீட்டர் இருந்தால் விதிக்குப் போதும். அந்த வழியாக நடக்கிற பிள்ளைக்குப் போதாது. மனு, தீர்மானம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் ரோட்டுக்கு வந்தீர்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. (கடை வாசலிலேயே உட்கார்ந்திருக்கலாம். பஸ்ஸில் வந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?)

எனக்கு உறுத்துவது அந்த பைக்தான். மறியல் நடக்கிற ரோட்டில், வேன் வந்து நிற்கிற நேரத்தில் அதை ஏன் ஓரங்கட்ட வேண்டும்? காரணத்தை நீங்களே அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள்.

1957 நவம்பர் 26 அன்று, சாதியைக் காப்பாற்றுகிறது என்று சொல்லி அரசியல் சட்டத்தை எரிக்க அழைத்தார் பெரியார். எரித்தால் மூன்று வருஷம் வரை சிறை என்று சென்னைச் சட்டசபை அவசரமாகச் சட்டம் போட்டது. தெரிந்தேதான் எரித்தார்கள். எதிர்வழக்காடாமல் ஆயிரக்கணக்கில் உள்ளே போனார்கள். அவர்கள் செய்தது உங்கள் மாமாவுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் பயந்து ஒளிந்தார்கள் என்று அவராலும் சொல்ல முடியாது. உங்களைச் சொல்ல முடியும்.

பெற்றவளை முன்னால் உட்காரவைத்துவிட்டுப் பிள்ளை நழுவுவதை எந்தக் கொள்கையும் நியாயப்படுத்தாது. கூப்பிட்டது நீங்கள், வாய்தாவுக்கு வாய்தா கூலியை இழப்பது அந்தப் பெண்கள். இதில் ஜனநாயகத்தைப் பற்றி என்னிடம் சந்தேகம் வேறு!

வழக்கைப் பார்க்கும் வக்கீலிடம் நாளைக்கே போங்கள். ஏற்பாடு செய்தவன் நான்தான் என்று சொல்லுங்கள். ஸ்டேஷனில் எப்படி எழுதிக் கொடுப்பது என்று அவர் சொல்வார். அடுத்த வாய்தாவுக்கு எல்லோரையும் நீங்களே கூட்டிப் போங்கள். அன்றைய கூலியும் உங்கள் பொறுப்பு.

அப்புறம் வேலை. சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற சில்லறை வழக்கைப் பெரிதுபடுத்தாமல் விட வேலை கொடுப்பவருக்கு இடம் உண்டு என்று 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் கேட்கும் விவரத்தை உண்மையாகச் சொல்ல வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. உங்கள் பெயர் வழக்கில் ஏறினால், படிவத்தில் வழக்கு உண்டா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதுங்கள்.