பக்கத்து நிலத்தில் அடித்த பூச்சிமருந்து என் மேல் பட்டுவிட்டது. டாக்டரிடம் போக வேண்டுமா? புகார் கொடுத்தால் பயன் உண்டா?

நேற்றுச் சாயங்காலம் பட்டது, இன்றைக்குத் தலைவலி என்று எழுதியிருக்கிறீர்கள். குளித்தீர்களா, அந்தச் சட்டையைக் கழற்றினீர்களா என்று எழுதவில்லை. உடனே கழற்றியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். நாங்களும் கழற்றவில்லை.

கேட்டதற்கு நேர் பதில்: போங்கள். தலைவலியோடு குமட்டல், எச்சில் ஊறுவது, பார்வை மங்குவது, சதை துடிப்பது, மூச்சுத் திணறுவது என்று எது சேர்ந்தாலும் இதைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். தோல் வழியாக ஏறியது பல மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும். நான் டாக்டர் இல்லை. பட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஏழு வருடத்துக்கு முன்பு நானும் தம்பியும் மருந்து அடித்துக்கொண்டிருந்தோம். அவன் முதுகில் இருந்த தெளிப்பானில் வாஷர் தேய்ந்து மூடியோரம் கசிந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு டேங்க்தானே என்று விட்டுவிட்டேன். இதை எழுதவே கை கூசுகிறது. முதுகு நனைந்து, இடுப்பு நனைந்து, உள்ளாடை வரை இறங்கிவிட்டது. அவன் வியர்வை என்று நினைத்தான். இரண்டு பேரும் மூக்கில் துணி கட்டியிருந்தோம், அதனால் பத்திரமாக இருப்பதாக எண்ணம். மருந்து அடிப்பவன் உடம்பில் விஷம் பெரும்பாலும் தோல் வழியாகத்தான் ஏறுகிறது என்பதும், முன்கைத் தோலைவிடத் தொடையிடுக்குப் பக்கத்துத் தோல் பல மடங்கு உறிஞ்சும் என்பதும் அப்புறம் ஆஸ்பத்திரியில் தெரிந்துகொண்டது. ஆவியாக வருவதை மூக்கில் கட்டிய துணி நிறுத்தவும் செய்யாது.

மத்தியானம் அவனுக்கு வாந்தி. வெயில் என்று நினைத்து நிழலில் படுக்கவைத்து விசிறினேன். ஒரு மணி நேரம் போனது. வாயோரம் எச்சில் வழிந்த பிறகுதான் பயம் வந்தது. வண்டிக்காக எங்கள் மாமாவைக் கூப்பிட்டேன். சாவியைக் காணோம் என்றார். அதே மாமா ஒரு வாரம் கழித்து அதே வண்டியில் வந்து, ‘நான் அப்போதே சொன்னேனே’ என்று இரண்டு மணி நேரம் பேசினார். அவர் எப்போது, எதைச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சரி, அது வேறு கதை.

வேறொருவர் வண்டியில், நனைந்த சட்டையோடு அவனை மடியில் போட்டுக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்ததும் நர்ஸ் செய்த முதல் காரியம், கையுறை மாட்டிக்கொண்டு அவன் துணியைக் கத்தரித்து எடுத்ததுதான். தலைமுடி, நகக்கண், அக்குள், தொப்புள் என்று சோப்புப் போட்டுக் கழுவினார்கள். என்னையும் குளிக்கச் சொன்னார்கள். அதற்குள் எனக்கும் தலை சுற்ற ஆரம்பித்திருந்தது. வயலிலேயே துணியைக் கழற்றி நன்றாகத் தண்ணீர் ஊற்றியிருந்தால் அந்தப் பயண நேரம் முழுக்க அவன் உடம்பில் ஏறியது ஏறியிருக்காது. கண்ணில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம். யாராவது குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பல மருந்துகளில் எண்ணெய் போன்ற கரைப்பான் கலந்திருக்கும், அது வாந்தியோடு நுரையீரலுக்குள் போய்விடும்.

‘என்ன மருந்து?’ என்று டாக்டர் கேட்டார். பூச்சிமருந்து என்றேன். ‘எந்தப் பூச்சிமருந்து?’ என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். தூக்க வசதியாக இருக்கிறது என்று அதை வேறு பாட்டிலில் மாற்றி வைத்தவன் நான். லேபிள் குப்பையில் போய்விட்டது. தம்பியின் கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருப்பதையும் எச்சிலையும் வைத்து ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிமருந்து வகை என்று ஊகித்து, அதற்கு முறிமருந்தான அட்ரோபினை ஏற்றினார். நரம்பு சதைக்குக் கட்டளை அனுப்பியதும் அதை அணைக்க ஒரு என்சைம் இருக்கிறதாம். இந்த விஷம் அந்த என்சைமைக் கட்டிப்போடுகிறது, கட்டளை அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. எல்லா விஷத்துக்கும் அட்ரோபின் கேட்காது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு முறிமருந்தே இல்லை. அதனால்தான் பெயர் கேட்கிறார்கள்.

மறுநாள் தம்பி தெளிவாகப் பேசினான். வீட்டுக்கு அனுப்புங்கள் என்று நான் சண்டை போட்டேன். டாக்டர் விடவில்லை. இந்த வகை விஷத்தில் தேறிவிட்டது போலத் தெரிந்து, ஒன்று முதல் நான்கு நாளுக்குள் கழுத்துச் சதையும் மூச்சுச் சதையும் தளர்வது உண்டாம். தினமும் காலையில் வந்து, ‘தலையணையிலிருந்து தலையைத் தூக்கு’ என்பார். தம்பி தூக்குவான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். ஐந்தாம் நாள் அனுப்பினார்கள்.

இனி புகார். நானும் கொடுத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மருந்தின் பெயர், பாட்டிலில் இருக்கும் தொகுதி எண் (பேட்ச் நம்பர்), எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்னிடம். கடைசியில் காரணம் என்ற இடத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதிக்கொண்டார். கசிந்த வாஷரை நான் மாற்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வெயிலில் ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு வேலை செய்ய முடியாது என்பது யாருடைய கவனக்குறைவு? விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்துக் கூப்பிடுகிறோமே, அது? இயற்கை முறைக்கு மாறியிருக்கலாமே என்று கேட்கப் போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: மாறிவிட்டோம். அதற்காக அன்றைக்குப் பட்டது படாமல் போய்விடுமா?

பயன் உண்டா என்றால், உண்டு. அபாயகரமான ரசாயனங்களும் பூச்சிமருந்துகளும் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்த 1998-இல் உருவான ராட்டர்டாம் உடன்படிக்கை என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவில், வளரும் நாடு ஒன்று தன் வயல்களில் ஆட்களைப் பாதிக்கும் அபாயகரமான பூச்சிமருந்துக் கலவையை அதன் பட்டியலில் சேர்க்கச் சொல்லி முன்மொழிய வழி இருக்கிறது. முன்மொழிய அந்த நாட்டின் கையில் சம்பவங்களின் பதிவு வேண்டும். உங்களுடையது அப்படிப் பதிவாக வேண்டிய ஒன்று.

ஆகவே இன்றே எழுதி வையுங்கள்: பட்ட நேரம், காற்றின் திசை, அடித்தவர் எவ்வளவு தூரத்தில் நின்றார், உங்களோடு யார் இருந்தார்கள், எப்போது தலைவலி தொடங்கியது. பக்கத்து நிலத்துக்காரரிடம் சண்டைக்குப் போகாமல் பாட்டிலை மட்டும் காட்டச் சொல்லி லேபிளைப் படம் எடுங்கள், தொகுதி எண் தெளிவாக விழட்டும். அந்தப் படம் டாக்டருக்கும் வேண்டும். டாக்டர் சீட்டில் வெறும் தலைவலி என்று முடிக்காமல், பூச்சிமருந்து பட்டதையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு வேளாண்மைத் துறைக்கோ பூச்சிமருந்தைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்கோ எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேளுங்கள்.

அந்தச் சட்டையை இன்னும் துவைக்கவில்லை என்றால் துவைக்காதீர்கள். வெறுங்கையால் தொடாமல் பையில் போட்டுக் கட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.