தம்பிக்குக் காளான் சிகிச்சை சரிவருமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் ஆசிரியை நான். என் தம்பிக்கு வயது 36. போட் எஞ்சின் திருத்துபவன். ஒன்பது வருடங்களாக மனச்சோர்வு. முதலில் புளுஒக்செட்டின் கொடுத்தார்கள். மூன்று கிழமை குடித்துவிட்டு நிறுத்திவிட்டான். பிறகு செர்ட்ரலின். இப்போது ஒரு வருடமாக வென்லாஃபாக்சின். எதுவும் கேட்கவில்லை. இடையில் 2019இல் இரண்டு கிழமை நித்திரையே இல்லாமல் உசாராகத் திரிந்து, கடை போடப்போகிறேன் என்று கடன்பட்டு, அதன்பின் மறுபடியும் படுத்துவிட்டான். போன கிளினிக்கில் லித்தியம் தொடங்கலாம் என்றார் வைத்தியர். பயந்து வேண்டாம் என்றுவிட்டோம். காளானிலிருந்து வந்த சைலோசைபின் என்ற மருந்து ஒரே தடவையில் குணமாக்குகிறது, தம்பியை அங்கே எடுக்கப் பார்க்கிறேன் என்கிறார் கனடாவிலுள்ள அண்ணா. உப்புவெளியில் விடுதி நடத்தும் தம்பியின் சிநேகிதன், அந்தக் காளானை இங்கேயே எடுத்துத் தரலாம் என்கிறான். “இப்படி இருந்து என்ன பயன்” என்று தம்பி அடிக்கடி சொல்கிறான். நாங்கள் என்ன செய்வது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உப்புவெளிக் காளானை முதலில் ஒதுக்கிவிடுவோம். மழை விட்டதும் முளைக்கும் காளான்களில் எது எந்த இனம் என்பதில் பழகிய கண்ணும் தவறும். ஒரு காளானுக்குள் எவ்வளவு சைலோசைபின் இருக்கிறது என்பதைத் தராசில் வைத்தும் சொல்ல முடியாது. சில நச்சுக் காளான்களை உண்டவருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் எதுவுமே தெரியாது. பின்னர் வாந்தியும் வயிற்றோட்டமும் வந்து அடங்கி, சுகமாகிவிட்டது என்று வீட்டார் ஆறுதல் அடையும் வேளையில் உள்ளே ஈரல் பழுதடைந்துகொண்டிருக்கும். சிநேகிதன் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பான், ஆனாலும் வேண்டாம்.

அண்ணா சொல்வதில் உண்மை உண்டு, ஆனால் பாதி உண்மை. குறைந்தது இரண்டு மருந்துகளுக்கு இணங்காத மனச்சோர்வுள்ள 233 பேரை வைத்து ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது. 25 மில்லிகிராம் சைலோசைபின் ஒரே தடவை பெற்றவர்களில் மூன்று கிழமைகளின் பின் 37 சதவீதத்தினருக்கு நோய் பாதிக்கு மேல் தணிந்திருந்தது; பெயரளவுக்கு 1 மில்லிகிராம் பெற்றவர்களில் இது 18 சதவீதம். பன்னிரண்டாம் கிழமை வரை அந்த நன்மை நிலைத்தவர்கள் 20 சதவீதத்தினர் மட்டுமே. வேறெந்த மருந்தும் உதவாதவர்களிடம் இது சிறிய பலன் அன்று. ஆனாலும் “ஒரே தடவையில் குணம்” என்று சொல்லத்தக்கதும் அன்று. தற்கொலை எண்ணங்களோ தன்னைத் தானே காயப்படுத்துவதோ அதே ஆய்வின் எல்லாக் குழுக்களிலும் பதிவாகியிருந்தன என்பதை அண்ணா பார்த்திருக்கக்கூடிய காணொளிகள் சொல்லியிருக்க மாட்டா.

அங்கே நடப்பது குளிசை கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் காரியமும் அன்று. முதலில் சில நாட்கள் பேசி ஆயத்தப்படுத்துவார்கள். மருந்து கொடுக்கும் நாளில் நோயாளி மங்கிய வெளிச்சத்தில் கண்களை மறைத்துப் படுத்திருக்க, பயிற்சி பெற்றவர்கள் ஆறு முதல் எட்டு மணி நேரம் அருகிலேயே இருப்பார்கள். அதற்குப் பிறகும், கண்டவற்றையும் உணர்ந்தவற்றையும் பேசித் தெளிய அமர்வுகள் உண்டு. ஏற்கெனவே குடித்துவந்த மனச்சோர்வு மருந்தை வைத்தியரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திய பின்னரே பெரும்பாலான ஆய்வுகளில் இது கொடுக்கப்படுகிறது. உங்கள் தம்பி இதை நம்பி வென்லாஃபாக்சினைத் தானாகத் திடீரென நிறுத்தினால், தலைச்சுற்றும் குமட்டலும் தலைக்குள் மின்சாரம் வெட்டினாற்போன்ற உணர்வும் வரலாம், நோயும் திரும்பலாம்.

அவுஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல வைத்திய நிபுணர்கள் இதைப் பரிந்துரைக்கலாம். கனடாவில் 2022 ஜனவரியிலிருந்து, மற்றச் சிகிச்சைகள் பயனளிக்காத கடும் நோயாளிக்காக அவருடைய வைத்தியரே அரசிடம் விசேட அனுமதி கேட்கலாம். வந்திறங்கியவருக்கு மறுநாளே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். இலங்கையில் சைலோசைபின் அங்கீகரிக்கப்பட்ட மருந்து அன்று. 1971ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய முதலாம் அட்டவணையில் அது இருக்கிறது. அண்ணா அன்பின் மிகுதியால் அதைப் பொதியில் போட்டு அனுப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய 2019ஆம் ஆண்டுக்கு வருகிறேன். இரண்டு கிழமை நித்திரை இல்லாமலே உசாராகத் திரிவதும், கைக்கு மிஞ்சிய கடன்படுவதும், பின்னர் படுத்துவிடுவதும், மிதமிஞ்சிய உசாரும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ மனநோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் அது உண்மையாயின் கணக்கே மாறும். அந்த நோயின் சோர்வுக் காலத்துக்குச் சாதாரண மனச்சோர்வு மருந்து மட்டும் பல வேளைகளில் போதாது. சிலரை அதுவே மறு துருவத்துக்குத் தள்ளிவிடும். சைலோசைபின் ஆய்வுகளிலும் இத்தகையவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அதாவது, பெருஞ்செலவில் அண்ணா தம்பியைக் கனடாவுக்கு எடுத்தாலும், ஒழுங்காக நடக்கும் ஓர் இடம் முதல் நேர்காணலிலேயே அவரைத் திருப்பி அனுப்பக்கூடும். திருப்பி அனுப்பாத இடமென்றால் எனக்கு இன்னும் பயம்.

இந்தச் சம்பவம் கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக இருக்காது. சோர்ந்து கிடக்கும்போதுதான் நாம் நோயாளியைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்கிறோம். உசாராக ஓடித் திரிபவரை, கடவுளே என்று விட்டுவிடுகிறோம். அப்போது அவர் எந்தக் குளிசை குடித்துக்கொண்டிருந்தார் என்பதையும் எழுதிக் கொடுங்கள். மருந்துகளைப் பற்றியும் ஒன்று. போதிய அளவில், போதிய கிழமைகள், குறைந்தது இரண்டு மருந்துகளைக் குடித்தும் பயனில்லாதபோதுதான் நோய் மருந்துக்கு இணங்கவில்லை என்று சொல்வது வழக்கம். மூன்று கிழமை குடித்த புளுஒக்செட்டின் அந்தக் கணக்கில் சேராது. வென்லாஃபாக்சினும் ஒரு வருடமாக 75 மில்லிகிராமிலேயே நின்றிருந்தால், அது தொடக்க அளவு.

இந்தப் பின்னணியில், வைத்தியர் லித்தியம் தரலாம் என்றது எனக்குப் புத்திசாலித்தனமாகவே படுகிறது. இருதுருவ நோய்க்கும், மற்ற மருந்து கேட்காத மனச்சோர்வுக்கும் அது பயன்படுகிறது. பயப்பட வேண்டியது அதன் அளவுக்கு; இரத்தத்தில் அது கூடினால் நஞ்சாகும் என்பதால் அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், தைரொயிட்டும் சிறுநீரகமும் பார்க்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெயிலில் நின்று எஞ்சின் கழற்றுபவர் தண்ணீர் குடிக்காமல் விட்டாலோ, வயிற்றோட்டம் வந்தாலோ, முதுகு வலிக்கு டைக்குளோபெனாக் வாங்கிப் போட்டாலோ அளவு ஏறிவிடலாம். லித்தியம் குடிப்பவர் சைலோசைபினை எடுத்தபோது வலிப்பு வந்ததாகவும் பதிவுகள் உண்டு. உப்புவெளிச் சிநேகிதனுக்கு இதையும் சொல்லிவையுங்கள்.

இவற்றுக்கும் இணங்காவிட்டால் மின்வலிப்புச் சிகிச்சை இருக்கிறது. “கரண்ட் வைப்பது” என்று ஊரில் சொல்லி முகத்தைச் சுளிப்பார்கள். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துச் செய்யும் இச்சிகிச்சை, கடும் மனச்சோர்வுக்குச் சைலோசைபினைவிடப் பன்மடங்கு நீண்ட அனுபவமுள்ளது. சில காலம் ஞாபகமறதி வரலாம் என்பதும் உண்மையே.

“இப்படி இருந்து என்ன பயன்” என்பதை அடுத்த கிளினிக் வரை வைத்திருக்காதீர்கள். தம்பியிடம் நேராகவே, செத்துப்போக நினைக்கிறாயா, எப்படி என்று யோசித்தாயா என்று கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். குளிசைகள் உங்கள் அலுமாரியில் இருக்கட்டும். பூச்சிகொல்லிப் போத்தல் வீட்டிலேயே வேண்டாம்.

அண்ணாவிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த விடயத்தில் அவர் நமக்குத் தேவை. கடை போடக் காசு கேட்டுத் தம்பி அவரையும் அழைத்திருக்கக்கூடும். 2019இன் அந்த இரண்டு கிழமைகளில் எத்தனை தடவை, இங்கே எத்தனை மணிக்கு அழைத்தார், எவ்வளவு வேகமாகக் கதைத்தார், எவ்வளவு கேட்டார் என்பதை அண்ணா நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதி அனுப்பட்டும். அந்தத் தாளைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோங்கள்.