வேலைக்குச் சேர்ந்தால் தம்பியின் மெடிக்கெய்ட் நின்றுவிடுமா?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. நியூயோர்க்கில் இருக்கிறார், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். விபத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழும் அவருக்கு, வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கு அமெரிக்க அரசு தரும் எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகையும் மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பும் கிடைக்கின்றன. இப்போது மாதம் 2,400 டொலர் சம்பளத்தில் கணக்குப் பிரிவில் வேலை வந்திருக்கிறது. உழைக்கத் தொடங்கினால் மெடிக்கெய்ட்டை வெட்டிவிடுவார்கள் என்று உறவினர்கள் சொல்வதால் தயங்குகிறார். அம்மாவின் ஓய்வூதியம் விழும் வங்கிக் கணக்கில் அவருடைய பெயரும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, சுன்னாகம்

பதில்: உங்கள் தம்பி அந்த வேலையை ஏற்கலாம். அவருடைய உதவித்தொகை நிற்கும். மருத்துவக் காப்பு நிற்க வேண்டியதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் உறவினர்களுக்கு இந்தப் பயம் வருகிறது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் கொப்பியோடு போகும் எவரிடமும் சம்பளச் சிட்டை கேட்கப்படுவதில்லை என்பதால், வருமானத்தைப் பார்த்து வைத்தியம் கொடுக்கும் ஒரு முறையை இங்கிருந்து விளங்கிக்கொள்வது நமக்குச் சிரமந்தான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். எஸ்.எஸ்.ஐ. விதிப்படி மாதச் சம்பளத்தில் முதல் 85 டொலரைக் கழித்து, மிச்சத்தில் பாதியை மட்டுமே வருமானமாக எடுப்பார்கள். 2,400இல் 85 போக 2,315; அதில் பாதி 1,157 டொலர் 50 சதம். 2025இல் தனியாளுக்கான கூட்டாட்சி உதவித்தொகை 967 டொலர், நியூயோர்க் மாநிலம் சேர்ப்பது 87 டொலர், ஆக 1,054. கணக்கில் எடுக்கப்படும் வருமானம் இதைத் தாண்டுவதால் காசாக வரும் உதவி இல்லாமற் போகும். ஆனால் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 1619 (பி) பிரிவு இப்படிப்பட்டவர்களுக்காகவே இருக்கிறது: குறைபாடு தொடர்ந்து, வேலை செய்வதற்கு மெடிக்கெய்ட் தேவைப்பட்டு, ஆண்டுச் சம்பளம் மாநிலத்தின் உச்சவரம்புக்குள் இருந்தால், உதவித்தொகை பூச்சியமான பின்னரும் மெடிக்கெய்ட் தொடரும். நியூயோர்க்கின் வரம்பு உங்கள் தம்பியின் ஆண்டுச் சம்பளமான 28,800 டொலருக்கு மிகவும் மேலே இருக்கிறது. காலையில் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிவிடும் உதவியாளரின் கூலியை வேலைத்தலக் காப்புறுதிகள் பெரும்பாலும் கொடுப்பதில்லை என்பதால், மெடிக்கெய்ட் ஏன் தேவை என்று கேட்டால் அதையே முதலில் சொல்லலாம்.

சிக்கல் சேமிப்பில்தான் வரும். 1619 (பி)யில் இருப்பவரும் எஸ்.எஸ்.ஐ.யின் சொத்து வரம்புக்குள், அதாவது 2,000 டொலருக்குள், நிற்க வேண்டும். உழைக்கும் ஒருவருடைய கையில் இந்தத் தொகை சில மாதங்களில் சேர்ந்துவிடும். (பல ஆண்டுகளாக ஏறாத இந்த வரம்பு இன்றைய விலைவாசிக்கு நியாயமற்றது என்பது என் எண்ணம்.) அந்த நிலை வருமுன்னரே அவர் மாற வேண்டிய இடம், வேலை செய்யும் மாற்றுத்திறனாளிகளுக்கான மெடிக்கெய்ட் பை-இன் என்ற திட்டம். நியூயோர்க்கில் 16 முதல் 64 வயது வரையானவர்கள், முழுநேரமோ பகுதிநேரமோ சம்பளத்துக்கு வேலை செய்தால், இதற்கு விண்ணப்பிக்கலாம். கணக்கில் எடுக்கப்படும் வருமானம் கூட்டாட்சி வறுமைக்கோட்டின் 250 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2025இல் தனியாளுக்கு அது ஆண்டுக்கு 39,125 டொலர். இங்கும் சம்பளத்தில் பாதிக்கும் குறைவாகவே எண்ணப்படுவதால் உங்கள் தம்பி இலகுவாக உள்ளே வருவார். சொத்து வரம்பும் 2,000 டொலரைவிடப் பல மடங்கு தாராளமானது.

இனி அம்மாவின் கணக்கு. கூட்டுக் கணக்கிலுள்ள பணம் முழுவதும் உதவி பெறுபவருடையது என்றே எஸ்.எஸ்.ஐ. அலுவலகம் முதலில் கருதும். வங்கி இலங்கையில் இருப்பதனால் அது மாறாது. அவசரப்பட்டு அவருடைய பெயரை எடுத்துவிட வேண்டாம், சொத்தைக் கைமாற்றியதாக அது தோன்றக்கூடும். கணக்கு இருப்பதை அவர் அறிவிக்கட்டும். ஓய்வூதியம் மட்டுமே அதில் விழுகிறது, எடுப்பவரும் அம்மாதான் என்பதைக் காட்டும் வங்கிப் புத்தகப் பக்கங்களை ஆங்கில மொழிபெயர்ப்போடு நீங்கள் இங்கிருந்து அனுப்புங்கள். பணம் தன்னுடையதல்ல என்று அவர் நிரூபித்த பின்னர் பெயரை நீக்கலாம். அம்மா வசிக்கும் முதிச வீட்டில் தம்பிக்குப் பங்கிருந்தால் அதையும் மறைக்கக் கூடாது; விற்றால் அம்மா இருப்பிடம் இழப்பார் என்ற நிலையில் அந்தப் பங்கைச் சொத்தாக எண்ணாமல் விடுவதற்கு விதி இருக்கிறது.

ஊருக்கு வருவதிலும் கவனம் வேண்டும். தொடர்ந்து 30 நாட்கள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் எஸ்.எஸ்.ஐ. தகுதி இடைநிற்கும், அதைச் சார்ந்த 1619 (பி) காப்பும் ஆட்டம் காணும். நல்லூர்த் திருவிழா 25 நாள். கொடியேற்றத்துக்கு முன் வந்து பூங்காவனம் முடிந்து ஆறுதலாகத் திரும்பினால் எல்லை தாண்டிவிடும்.

வேலை தொடங்கியதும் ஒவ்வொரு மாதச் சம்பளத்தையும் அடுத்த மாதம் 10ஆம் திகதிக்குள் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அறிவித்து, சம்பளச் சிட்டைகளைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். காப்பு நின்றுவிட்டது என்று கடிதம் வந்தால், 1619 (பி)யின் கீழ் பார்த்தீர்களா என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். உழைப்பினால் தகுதி முடிந்து, பின்னர் அதே குறைபாட்டினால் வேலையை விட நேர்ந்தால், ஐந்து ஆண்டுகளுக்குள் புதிய விண்ணப்பமின்றி மீளச் சேர்க்குமாறு கேட்கவும் வழி உண்டு; அந்தக் கோரிக்கை பரிசீலனையில் இருக்கும்போது ஆறு மாதம் வரை தற்காலிகக் கொடுப்பனவும் கிடைக்கலாம்.