வாசகர் கேள்வி பதில்: பன்னிரண்டு கல்லில் ஒரு பாட்டு

சென்ற இதழில், 41 வயதில் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) கிட்டார் கற்க ஆரம்பித்த கதையை எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்குப் பதில் எழுதச் சொன்னார் ஆசிரியர். அதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: காரைக்குடியில் மைக் செட் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, துக்க வீடு என்று எல்லா இடத்துக்கும் போகிறவன். எட்டு வருடத்துக்கு முன் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் தங்கியிருந்த வெளிநாட்டுப் பெரியவருக்கு வாடகைக்கு ஒரு ஸ்பீக்கர் கொண்டுபோனேன். முற்றத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் அவர் வாசித்ததைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டேன். கிளம்பும்போது என் பில் புத்தகத்தின் பின் அட்டையில் மூன்று ப்ளூஸ்காரர்களின் பெயர்கள் எழுதிக் கொடுத்தார்: ராபர்ட் ஜான்சன், மடி வாட்டர்ஸ், பி.பி. கிங். அந்த அட்டை இன்னும் கடையில் இருக்கிறது.

கேள்வி: பன்னிரண்டு பார் என்று எழுதியிருந்தீர்களே, அது என்ன கணக்கு? எனக்கு கார்டு பிடிக்கத் தெரியும். ஆனால் பாதியில் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிடுகிறது. (கல்லூரி மாணவர், திருப்பத்தூர்)

தம்பி, ஆறு மாதம் நானும் இதே பாடுதான் பட்டேன். ஒரு பார் என்பது நாலு தட்டு. அப்படிப் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு சுற்று, 48 தட்டு. ஏ சுருதியில் வாசிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாலு பார் ஏ கார்டு (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவதுதான் கார்டு). அடுத்த இரண்டு டி. திரும்ப இரண்டு ஏ. அப்புறம் ஈ ஒன்று, டி ஒன்று, ஏ ஒன்று, கடைசியில் மறுபடி ஈ. அந்தக் கடைசி ஈ உங்களைத் தானாகவே ஆரம்பத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிடும்.

தாளில் எழுதி வைத்து எனக்கு ஏறவில்லை. காலில்தான் ஏறியது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஒரு பெரிய வீட்டில் வயர் இழுத்து முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். தரை முழுக்க ஆத்தங்குடிக் கல், சுவர் ஓரமாக ஒரே மாதிரி பார்டர் கல் வரிசை. வேனில் இருந்த கிட்டாரை எடுத்துக்கொண்டு முதல் கல்லில் வெறுங்காலோடு நின்றேன். நாலு தட்டு. அடுத்த கல். நாலு தட்டு. ஐந்தாவது கல்லில் கால் வைக்கும்போது கை டி-க்குப் போக வேண்டும். ஒன்பதாவது கல்லில் ஈ. பன்னிரண்டாவது கல்லில் திரும்பி நின்று மறுபடி ஒன்று. தூணோரம் உட்கார்ந்திருந்த அந்த வீட்டு ஆச்சி, "என்னப்பா, கல்லை எண்ணுறியா?" என்று கேட்டார். "ஆமா ஆச்சி" என்றேன். அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் எனக்கு எண்ணத் தேவையே இருக்கவில்லை. உள்ளங்காலில் குளிர்ச்சியாக அந்த ஐந்தாவது கல் இன்னும் இருக்கிறது.

எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் நாலாவது பார். பொறுமை இல்லாமல் அங்கேயே டி-க்குத் தாவிவிடுவோம். அது காத்திருக்க வேண்டிய இடம். அந்த ஒரு பாரில் மட்டும் ஏ-வுக்குப் பதில் ஏ7 (ஏ கார்டோடு ஜி-யும் சேர்ந்தது) பிடித்துப் பாருங்கள், டி வரப்போகிறது என்று காதே சொல்லும். சில பாட்டில் இரண்டாவது பாரிலேயே டி ஒரு முறை வந்து போகும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: நான் வீணை கற்கிறேன். ப்ளூஸுக்கு நீங்கள் சொல்லும் ஐந்து ஸ்வரமும் (ஏ, சி, டி, ஈ, ஜி) சுத்த தன்யாசி ராகம்தானே? இதில் புதிதாக என்ன இருக்கிறது? (வாசகி, தேவகோட்டை)

ஸ்வரம் அதேதான். ஏ-வை ஸட்ஜமாக வைத்தால் சி, டி, ஈ, ஜி என்பவை சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். ஆனால் உங்களுக்குத் தம்புரா கடைசிவரை ஒரே இடத்தில் நிற்கிறது. ப்ளூஸில் காலுக்குக் கீழே தரை நகர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் பிடித்த அதே சி, அடியில் ஏ ஓடும்போது ஒரு மாதிரி கேட்கும், டி ஓடும்போது வேறு மாதிரி கேட்கும்.

இன்னொன்று இருக்கிறது, எனக்கு உயிரான விஷயம் அது. ஏ7 கார்டுக்குள் இருப்பது சி ஷார்ப், அதாவது அந்தர காந்தாரம். அதற்கு மேலே நாம் வாசிப்பது சாதாரண காந்தாரம். இரண்டும் உரசும். உங்கள் வாத்தியார் கேட்டால் அபஸ்வரம் என்பார். ப்ளூஸ்காரர்கள் அந்த உரசலுக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். சாதாரண காந்தாரத்தைப் பிடித்துக் கம்பியைக் கொஞ்சம் தள்ளி, அந்தரத்தைத் தொடாமல் நடுவழியில் நிறுத்துவார்கள். அந்த இடத்துக்கு ஃப்ரெட் (வீணையில் மெட்டு என்பீர்களே, அதுதான்) கிடையாது, எழுத்தும் கிடையாது. காதால் மட்டும்தான் போய்ச்சேர முடியும்.

கம்பியைத் தள்ளுவது எனக்குப் பிடிபட்டதே ஒரு வீணைக் கச்சேரியில்தான். மைக்கை வாத்தியத்துக்கு ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இடது கையில் ஒட்டி நின்ற இரண்டு விரல் கம்பியை மெட்டின் மேலேயே இழுத்து, அடுத்த ஸ்வரத்தில் நிறுத்தி, சத்தமில்லாமல் திரும்பி வந்தது. நான் அதுவரை ஒற்றை விரலால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கிட்டாரில் மோதிர விரல் தள்ளும்போது நடுவிரலும் ஆள்காட்டி விரலும் பின்னால் முட்டுக் கொடுக்க வேண்டும். பலம் விரலில் இல்லை, மணிக்கட்டைத் திருப்புவதில் இருக்கிறது. மூன்றாவது கம்பி, ஏழாவது ஃப்ரெட்டில் இருப்பது டி. அதை ஈ வரைக்கும் தள்ளுங்கள். சரியாகப் போனதா என்று பார்க்க இரண்டாவது கம்பி ஐந்தாவது ஃப்ரெட்டைத் தட்டுங்கள், அங்கே ஈ இருக்கிறது. ஒரு வருடம் முழுக்க எனக்கு அது ஒரு நூல் குறைவாகவே நின்றது.

காரைக்குடி சகோதரர்கள் சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் இந்த ஊர்ப் பெயரோடு வீணை வாசித்தவர்கள். அண்ணன் வீணையை நட்டுக்க நிறுத்தி வாசிப்பாராம். தம்பிக்கு 1952-ல் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. நீங்கள் வீணையை விட்டுவிட்டு இங்கே வர வேண்டியதே இல்லை அம்மா. அந்த இழுப்பு உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. எனக்கு அது இல்லையே என்று இன்றும் ஏக்கம்தான்.

கேள்வி: அழுகைப் பாட்டு என்று நீயே எழுதியிருந்தாய் அப்பா. குடியிருக்கிற வீட்டில் அதை வாசிக்கலாமா? (ஓர் ஆச்சி, பள்ளத்தூர்)

கேட்க வேண்டிய கேள்விதான் ஆச்சி. துக்க வீடுகளில் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனையோ ஒப்பாரி கேட்டிருக்கிறேன். அதை ஒருநாளும் வீட்டில் முணுமுணுத்ததில்லை. ப்ளூஸையும் விளக்கு வைக்கிற நேரத்தில் எடுப்பதில்லை. எங்கள் அப்பத்தா பழக்கிய பழக்கம் அது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில், குழாய் ஸ்பீக்கர்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் வாசிப்பேன்.

ஆனால் இது அழுகை மட்டும் இல்லை. அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மிசிசிப்பிப் பக்கம் பருத்திக் காட்டில் உழைத்துக்கொண்டு உண்டாக்கிய இசை. வாரம் முழுக்க முதுகு ஒடிய வேலை செய்துவிட்டு சனிக்கிழமை ராத்திரி இதற்கு ஆடவும் செய்தார்கள். சிரிப்புப் பாட்டு, கேலிப் பாட்டு எல்லாம் உண்டு. 1903 வாக்கில் டட்வைலர் என்ற சின்ன ரயில் நிலையத்தில், ஒருவர் கத்தியைக் கிட்டார் கம்பியில் அழுத்தி வாசித்துக்கொண்டே, இரண்டு ரயில் பாதை சந்திக்கிற இடத்தைப் பற்றி ஒரே வரியை மூன்று முறை பாடியதை டபிள்யூ.சி. ஹேண்டி என்ற இசைக்காரர் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். பிற்பாடு பெரும்பாலான பாட்டில் முதல் வரியை இரண்டு முறை சொல்லி, மூன்றாவதில் பதில் சொல்வது வழக்கமாயிற்று. ஒவ்வொரு வரி முடிந்ததும் கிட்டார் பேச இடம் விடுவார்கள். எங்கள் பக்கத்தில் ஒப்பாரி பாடுகிற அம்மாவும் ஒரு வரியைச் சொல்லி மூச்சு வாங்கி, அதே வரியைத் திரும்பச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நான் சொல்லவரவில்லை. ரங்கூனுக்குக் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவர்களுக்காகக் காத்திருந்த கதை உங்கள் வீட்டிலும் இருக்கும் ஆச்சி. ரயிலேறிப் போனவனைப் பற்றி அவர்கள் பாடுவது உங்களுக்குப் புரியும்.

கேள்வி: விரல் நுனி கிழிகிறது. விட்டுவிடலாமா? (வாசகர், சிவகங்கை)

முதலில் கிட்டாரைப் பாருங்கள், அப்புறம் விரலைக் குறை சொல்லலாம். நான் முதலில் வாங்கிய கிட்டாரில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. விற்ற கடையில், "போகப் போகப் பழகிடும்" என்றார்கள். நாலு மாதம் ரத்தம் கட்டிய விரலோடு வாசித்தேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் கோபம் வரும், எத்தனை பேர் அதை நம்பி விட்டிருப்பார்களோ. கடைசியில் தச்சர் ஒருவர் கிட்டாரின் பாலத்தில் (கம்பிகளைத் தாங்கும் கட்டையில்) செருகியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையை உருவி, அடிப்பக்கத்தை 2 மில்லிமீட்டர் உப்புத்தாளில் தேய்த்துக் கொடுத்தார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி 1 மில்லிமீட்டர் இறங்கியது. அதுவே போதும். அக்கூஸ்டிக் கிட்டாரில் மூன்றாவது கம்பி பெரும்பாலும் சுற்றுக் கம்பியாக இருக்கும், தள்ளினால் நகராது. அதை மட்டும் 17 நம்பர் வெறுங்கம்பியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாலு பேர் முன்னால் வாசித்தது உண்டா? (பலர்)

ஒரு தடவை. ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில், தாலி கட்டி முடிந்து பந்திக்கு இலை போடும் வரைக்கும் கொஞ்சம் நேரம் இருந்தது. நான் மேடைக்குப் பின்னால் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்ததை நாகஸ்வரக்காரர் கேட்டுவிட்டு, "சுத்த தன்யாசியா?" என்றார். விளக்கிச் சொன்னேன். அவருடைய சுருதி இரண்டரைக் கட்டை. ஆறாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்திச் சுருதியை ஏற்றும் பிடிப்பு) போட்டு ஏ பிடித்தேன், சேர்ந்துவிட்டது. முதல் சுற்றில் அவர் சும்மா தலையாட்டினார். இரண்டாவது சுற்றில் நான் விட்ட இடைவெளியில் மட்டும் ஊதினார். மூன்றாவதில் ஒன்பதாவது பார் வந்தபோது இரண்டு பேரும் ஒன்றாகப் பஞ்சமத்தில் போய் நின்றோம். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். தை முகூர்த்தத்தில் அவரும் நானும் மறுபடி ஒரே வீட்டுக்குப் போகிறோம்.